தஞ்சோங் பகார் மண்டபத்தின் ரப்பர் படங்கள்



சரித்திரம் என்றதும் நமக்குக் கோட்டையும் போரும் மன்னர்களும்தான் நினைவுக்கு வருகின்றன. இன்று நாம் ஒரு சுவரைப் பற்றிப் பேசப் போகிறோம். சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் இரயில் நிலையத்துக்கு உள்ளே இருக்கும் சுவர் அது.

அந்த நிலையத்தைக் கட்டியது அன்றைய ஐக்கிய மலாய் மாநிலங்களின் இரயில்வே இலாகா. 1932 மே 2-ஆம் நாள் கவர்னர் சர் சிசில் கிளமெண்டி அதைத் திறந்து வைத்தார். முகப்பில் நான்கு வெள்ளைச் சலவைக்கல் உருவங்கள் உயர்ந்து நிற்கின்றன. விவசாயம், வாணிபம், போக்குவரத்து, தொழில் என்று அவற்றுக்குப் பொருள். இத்தாலியச் சிற்பி ஆஞ்செலோ வன்னெட்டியின் கைவேலை. பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் இவற்றைத்தான் புகழ்ந்துவிட்டுப் போவார்கள். நமக்கு வேண்டியது உள்ளே இருக்கிறது.

முன்பு டிக்கெட் வாங்கிய பெரிய மண்டபத்தின் சுவர்களில், அண்ணாந்து பார்க்கும் உயரத்தில், ஆறு பெரிய படங்கள். நெல் விவசாயம் ஒன்று, பால்மரம் வெட்டுவது ஒன்று, கொப்பரைத் தேங்காய், ஈயம் எடுப்பது, கப்பல், மாட்டுவண்டி. மலாயாவை வாழவைத்த வேலைகள் இவை என்று அன்றைய அரசாங்கம் எண்ணியதை இந்த ஆறும் சொல்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் சாயம் பூசியது போலத் தோன்றும். கிட்டப் போனால்தான் அவை சின்னஞ்சிறு ஓடுகளை அடுக்கிச் செய்தவை என்பது தெரியும். ஒவ்வொரு படத்துக்கும் சுமார் 9,000 ஓடுகள். மண்ணால் சுட்ட ஓடு என்று நினைக்காதீர்கள். ரப்பரால் ஆனவை! சிங்கப்பூர்த் தொழிற்சாலை ஒன்றில் தனி முறையில் செய்தார்கள்.

பால்மரம் வெட்டுகிறவரின் உருவமே, மரத்திலிருந்து வடிந்த பாலால் ஆகியிருக்கிறது. நமக்கு இந்தச் சலவைக்கல்லைவிட அதுதான் பெரிய அதிசயமாகப் படுகிறது.

ஆனால் அந்த 1932-ஆம் ஆண்டு எப்படிப்பட்டது? 1910-இல் லண்டன் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்குக்கு மேல் விற்றது. 1932-இல் அதே ராத்தல் சில பென்ஸுக்கு இறங்கிவிட்டது. ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ் என்று கணக்குப் போடத் தெரிந்த பிள்ளைகளுக்கு அந்த வீழ்ச்சி புரியும். உலகப் பொருளாதார மந்தம்! ஆண்களுக்கு 50 காசாக இருந்த நாட்கூலி வெட்டப்பட்டது. 1930 முதல் 1932 வரை ஒரு லட்சத்துக்கும் அதிகமான இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சுவரில் பால்வெட்டுக்காரருக்கு மரியாதை செய்த அதே காலத்தில், லயத்தில் அவருடைய வீடு காலியாகிக்கொண்டிருந்தது. படம் வரைந்தவர்மேல் குற்றம் சொல்ல மாட்டோம். ஆனால் படத்தைப் பார்க்கும்போது ஆண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

இரயில் ரப்பருக்காக வந்ததல்ல, ஈயத்துக்காக வந்தது. மலாயாவின் முதல் பாதை தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டு துறைமுகம் வரை, சுமார் 8 மைல். 1885-இல் திறந்தார்கள். பிறகு பாதை தெற்கே நீண்டது. அது போன வழியெல்லாம் காடு அழிந்து தோட்டங்கள் எழுந்தன. 1923-இல் ஜொகூர்ப் பாலத்தின் மேல் இரயில் ஓடத் தொடங்கியதும், தோட்டத்து ரப்பரை ஏற்றிய பெட்டி நேராகச் சிங்கப்பூருக்குள் போக முடிந்தது. தஞ்சோங் பகார் நிலையம் கப்பல் துறைக்குப் பக்கத்தில் இருப்பது ஏன் என்று இப்போது விளங்குகிறதல்லவா?

அந்த ஆறு படங்களில் பாதை போட்டவர்களுக்கென்று ஒரு படம் இல்லை. காட்டை வெட்டி, மண் மேடு கட்டி, கல் கொட்டி, சிலிப்பர் கட்டை சுமந்து, தண்டவாளம் பதித்தவர்களில் பெரும் பகுதியினர் தமிழர்கள். யாழ்ப்பாணத்தார் பலர் ஸ்டேஷன் மாஸ்டராகவும் கிராணியாகவும் இருந்தார்கள். மண்வெட்டி பிடித்தவர்களோ தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் பாட்டன்மார். நெல்லுக்கும் மாட்டுவண்டிக்கும் சுவரில் இடம் கிடைத்தது. இரயில் நிலையத்திலேயே இரயில் பாதைக்காரனுக்கு இடம் கிடைக்கவில்லை. பிற்பாடு 1942, 1943-இல் ஜப்பானியர் 415 கிலோமீட்டர் சயாம் மரண இரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து ஆள் பிடித்துப் போனார்களே, அந்தக் கதை நம் பல குடும்பங்களில் இன்னும் ஆறாத புண். அதைத் தனியே சொல்ல வேண்டும். இங்கே சுருக்கினால் சரிப்படாது.

2011 ஏப்ரல் மாதம் சிங்கப்பூர் அரசு தஞ்சோங் பகார் நிலையத்தைத் தேசியச் சின்னமாக அறிவித்தது. அவ்வாண்டு ஜூன் 30-ஆம் நாள் இரவு, கடைசி இரயிலை ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் அவர்களே ஓட்டிச் சென்றார். மறுநாள் நிலம் சிங்கப்பூரிடம் சேர்ந்தது. சுவர்ப் படங்களுக்குச் சட்டத்தின் காவல் இருக்கிறது.

பாதைக்காரர்களைத் தேடுகிறவர்கள் வேறு இடத்துக்குப் போக வேண்டும். கோலாலம்பூரில் செந்தூல் இரயில்வே பட்டறையைச் சுற்றி அவர்களுடைய குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. இன்னும் பல ஊர்களில் தண்டவாளத்தோரம் சிறு கோயில்கள் நிற்கின்றன. பாதை வேலைக்கு வந்தவர்கள் தங்கிய இடத்தில் எழுப்பியவை. அடுத்த முறை இரயிலில் போகும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பாருங்கள்.