துண்டு

ஒருவன் தான் பார்த்துவந்த வேலையை விட்டு நீங்கும்போது, எஜமானனும் ஊழியனும் ஒருவருக்கொருவர் எவ்வளவு கடமைப்பட்டவர்கள் என்ற வினாவுக்கு, இலங்கை மலைநாட்டுத் தோட்டத் துரைமார் நெடுங்காலம் ஒரு காகிதத் துணுக்கையே விடையாகக் கொண்டிருந்தார்கள். அதற்குத் துண்டு என்று பெயர். இந்தத் தமிழ்ச் சொல்லையே துரைமார் தம் ஆங்கிலக் கடிதங்களில் எழுதினார்கள். அரசாங்க அறிக்கைகளிலும் அதுவே இடம்பெற்றது. ஆள்சேர்த்து வேலைவாங்கும் இன்ன கங்காணியும் அவன் கீழுள்ள இத்தனை ஆட்களும் இவ்வளவு ரூபாய் கடன் தீர்ந்தவுடன் விடுவிக்கப்படுவார்கள் என்பதே அதில் எழுதப்படும் விஷயம். விடுதலைக்கு அத்தாட்சியாகத் தோன்றிய அந்தச் சீட்டு, தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு குடும்பத்தைத் துரத்திச் சென்ற விலங்காக மாறிய வரலாறு நம் ஜனங்களின் வரலாறு. அது மறக்கத் தக்கதன்று.

கோப்பிக் காலத்தில் இவ்வளவு சிக்கல் இல்லை. இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே நடந்து, வழியிலேயே பலரைப் பறிகொடுத்து மலையேறிய ஜனங்கள், பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் பெரும்பாலும் ஊர் திரும்பினார்கள். வேலைக்கு ஓர் எல்லையை இயற்கையே வகுத்திருந்தது. 1869-இல் கோப்பிச் செடியில் இலைநோய் கண்டு, நாளடைவில் அந்தப் பயிரே அழிந்து, அதன் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டபோது அந்த எல்லையும் அழிந்தது. ஆண்டு முழுவதும் துளிர்க்கும் செடிக்கு ஆண்டு முழுவதும் கைகள் வேண்டும். ஆகவே ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாகக் குடும்பங்கள் லயன் காம்பிராக்கள் என்னும் வரிசை அறைகளில் நிலைத்துவிட்டன. எவரேனும் எழுதிக் கொடுத்தாலன்றி வேலைக்கு முடிவு என்பதே கிடையாது என்ற நிலை வந்தது.

சட்டம் என்ன சொல்லிற்று என்று கேட்கலாம். 1865-ஆம் ஆண்டின் 11-ஆம் சட்டப்படி, வாய்மொழியாக அமர்த்தப்பட்ட ஊழியன் மாத ஒப்பந்தக்காரன். முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு இரு தரப்பாரும் விலகிக்கொள்ளலாம். கேட்பதற்குச் சமநீதியாகத்தான் இருக்கிறது. ஆனால் அறிவிப்பின்றி விலகிய தொழிலாளி குற்றவாளியாகச் சிறை புகவேண்டியிருந்தது. சம்பளத்தை மாதக் கணக்கில் நிறுத்தி வைத்த துரைக்கோ நடைமுறையில் அந்தக் கதி பெரும்பாலும் நேர்ந்ததில்லை. முறைப்படி அறிவிப்புக் கொடுத்தவனுக்கும் வழி திறந்துவிடவில்லை. துண்டு இல்லாமல் வருகிற ஆளைச் சேர்ப்பதில்லை என்பது தோட்டக்காரர்களிடையே வழக்கமாயிருந்தது.

துண்டு கைக்கு வந்ததும் கங்காணி அதை எடுத்துக்கொண்டு அயல் தோட்டங்களுக்குப் போவான். ஆள் தட்டுப்பாட்டில் தவிக்கும் ஒரு துரை, அதில் கண்ட தொகையைப் பழைய தோட்டத்துக்குச் செலுத்திவிட்டு, அதைக் கங்காணியின் பேரில் பற்றெழுதிக்கொள்வார். கங்காணி தன் ஆட்களின் பேரில் எழுதிக்கொள்வான். வருவதற்கு இசைந்தமைக்காகக் கங்காணி கேட்டு வாங்கும் மேற்பணமும் அந்தக் கணக்கோடு சேரும். ஊரில் ஆள்கட்டும்போது கொடுத்த முன்பணம், வழிச்செலவு, அரிசி, கம்பளி என்று தொடங்கிய கடன் இவ்வாறு தோட்டம் மாறுந்தோறும் பெருத்தது. பெரட்டுக்களம் என்னும் ஆள்கணக்கெடுக்கும் இடத்தில் விடியுமுன் நின்று பேர் போட்டுக்கொண்ட தொழிலாளி தன் பெயரில் வளர்ந்த அந்தத் தொகையைக் கண்ணால் கண்டதில்லை. எழுத்தறியாத அவனுக்கு அதைப் படித்துச் சொல்வாரும் இல்லை. வேலை முடிந்தால் கணக்குத் தீரும் என்பது உலக வழக்கு. இங்கே ஒரு வேலை முடிவது அடுத்த கணக்கின் தொடக்கமாயிற்று. கங்காணியை மட்டும் பழித்துப் பயனில்லை என்பது என் கருத்து. அவனும் தோட்டத்துக்குக் கடன்பட்டவனே.

1917-இல் மார்ஜோரிபாங்க்ஸ், அகமது தம்பி மரைக்காயர் ஆகிய இருவரும் இத்தொழிலாளரின் நிலைமையை நேரில் விசாரித்து எழுதிய அறிக்கை இந்தக் கடன் முறையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. கொழும்பில் சர் பொன்னம்பலம் அருணாசலம், சிவில் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின், 1919-இல் தொழிலாளர் நலச் சங்கத்தைத் தோற்றுவித்து, வேலையை விட்டுப் போவதைக் குற்றமாக்கும் சட்டத்தை எதிர்த்து இடைவிடாது வாதாடினார். 1921-இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. அந்தச் சிறைத்தண்டனையும் நீங்கியது. மதுரையில் 1924-இல் காலமான அப்பெரியார் அதைக் கண்டு சென்றார் என்பது எனக்கு ஓர் ஆறுதல்.

துண்டு போனபின்பும் சீட்டு போகவில்லை. வேலைநீக்கத்துக்குக் கொடுக்கும் காகிதத்தைப் பற்றுச்சீட்டு என்று தோட்டத்தார் சொன்னார்கள். அதைப் பெற்றவன் வேலையை மட்டும் இழக்கவில்லை. காம்பிரா தோட்டத்துக்குச் சொந்தமாகையால் கூரையையும் இழந்தான். கணவன் மனைவியரில் ஒருவர் நீங்கினால் மற்றவரையும் விடுவிக்க வேண்டுமென்று தோட்டத் தொழில் சட்டம் விதித்திருந்தது. குடும்பம் பிரியாதிருக்க வந்த அந்தப் பாதுகாப்பே, துரையின் கோபத்துக்கு ஒருவன் ஆளானபோது அடுப்பையும் சேர்த்து அணைக்கும் கருவியாயிற்று.

1958-இல் சேமலாப நிதிச் சட்டம் வந்தது. மாதந்தோறும் தொழிலாளியின் பங்கோடு எஜமானரும் தம் பங்கைக் கட்டவேண்டும் என்றாயிற்று. வேலை முடிகையில் தொழிலாளி கொடுத்துத் தீர்ப்பதற்கு மாறாகப் பெற்றுக்கொள்ளும் காலம் ஒருவாறு பிறந்தது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படுவதென்று முடிவாயிற்று. அவர்களில் வேலையிலிருப்போர் புறப்படும் நாள் வரையிலோ 55 வயது வரையிலோ, எது முந்துகிறதோ அதுவரை வேலையில் நீடிக்கலாம் என்றும், சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் உடன் கொண்டுபோகலாம் என்றும் அந்த ஒப்பந்தமே எழுதிவைத்தது. தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச்சென்ற ரயிலுக்கு மலைநாட்டு ஜனங்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பெயரிட்டார்கள்.