தரை பெற்ற தொழில்: கள்ளக்குறிச்சி வட்டார முடிதிருத்தகங்களின் வரலாறு

தொழில்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றின் கருவிகளைக் கொண்டே எழுதப்படுகிறது. ஆயினும் முடிதிருத்தும் தொழிலைப் பொறுத்தவரை, கத்தியும் கத்தரிக்கோலும் சொல்லாத பல செய்திகளை அத்தொழில் நடைபெறும் இடத்தின் தரை சொல்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய கல்வராயன் மலைக்குக் கிழக்கே, கோமுகி, மணிமுக்தா ஆறுகள் பாயும் நிலப்பரப்பில் அமைந்த கள்ளக்குறிச்சி வட்டாரம், நெடுங்காலம் தென்னார்க்காடு மாவட்டத்திலும், 1993 முதல் விழுப்புரம் மாவட்டத்திலும் இருந்து, 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. தமிழகத்தின் பிற பகுதிகளைப் போலவே இங்கும் முடிதிருத்துவோருக்குத் தமக்கென ஒரு தரை வாய்த்தது அண்மைக் காலத்தில்தான். அந்த மாற்றமே இத்தொழிலின் வரலாற்றில் தலையாயது.

பழைய ஊரமைப்பில் நாவிதர் ஊருக்குக் கட்டுப்பட்ட பணியாளராக இருந்தார். குடும்பங்களுக்கு ஆண்டு முழுவதும் முகச்சவரமும் முடியிறக்கமும் செய்து, அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் தமக்குரிய தானியத்தைப் பெற்றுக்கொண்டார். வைத்தியமும் அவர் கைவசம் இருந்ததால் மருத்துவர், பரியாரி என்னும் பெயர்களும் அவருக்கு வழங்கின. அவர் வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்தனர். கத்தி, கிண்ணம், சாணைக்கல் ஆகியவற்றை வைத்துக்கொள்ளும் பையாகிய அடைப்பமே அவருடைய தொழிற்கூடம். முடி வெட்டிக்கொண்டவர் தலை முழுகும்வரை தீட்டுடையவர் என்ற நம்பிக்கை வலுவாக இருந்தமையால், மெழுகிய திண்ணையோ முற்றமோ இவ்வேலைக்கு விடப்படவில்லை. புழக்கடை, கிணற்றடி, ஏரிக்கரை, மரத்தடி ஆகியவையே அவருக்கு ஒதுக்கப்பட்டன. விழுந்த முடியைக் காற்றும் மண்ணும் ஏற்றுக்கொண்டதால் தரையைப் பற்றி அவர் கவலைப்பட வேண்டியதில்லை; ஆனால் அவர் உட்கார்ந்து வேலை செய்த தரை எதுவும் அவருக்கு உரியதாகவும் இல்லை.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் குடுமி குறைந்து கிராப்பு பரவியபோது இந்நிலை மாறத் தொடங்கியது. மழிப்பதற்கு இருவரும் எதிரெதிரே குந்தி உட்கார்ந்தால் போதும். கிராப்பு வெட்டுவதற்கோ, வெட்டுபவர் தலையை நாற்புறமும் சுற்றிவந்து அளவு பார்க்க வேண்டும். அதற்கு அவர் நிற்கவும், வாடிக்கையாளர் உயரமான நாற்காலியில் உட்காரவும், எதிரே பெரிய கண்ணாடி இருக்கவும் வேண்டும். கண்ணாடியையும் நாற்காலியையும் வீடுவீடாகச் சுமக்க இயலாது என்பதால், தொழில் ஓரிடத்தில் நிலைகொண்டது. சலூன் என்னும் கடை பிறந்தது. காத்திருப்போருக்குப் பலகையும் செய்தித்தாளும் வந்துசேர, திராவிட இயக்கம் வளர்ந்த காலத்தில் தேநீர்க் கடையையும் படிப்பகத்தையும் போலச் சலூனும் அரசியல் பேசும் இடமாயிற்று. ஒருவர் உட்கார்ந்த இடத்தில் பலர் நாள்தோறும் நடக்கலாயினர். உறுதியான தரை தேவையென்ற நிலை அப்போதுதான் உண்டாயிற்று.

அத்தரையில் யார் கால் வைக்கலாம் என்ற வினாவும் உடன் எழுந்தது. அரசியலமைப்பு அவையில் 1948 நவம்பரில், பொது இடங்களில் பாகுபாட்டைத் தடைசெய்யும் பிரிவு விவாதிக்கப்பட்டபோது, அதிலுள்ள கடை என்னும் சொல் தம் சேவையை நாடி வருவோருக்கு அதனை அளிக்கும் எந்த இடத்தையும் குறிக்கும் என்றும், முடிதிருத்தும் கடையும் அதில் அடங்கும் என்றும் அம்பேத்கர் விளக்கினார். அது 15ஆம் பிரிவாகச் சட்டமாயிற்று. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் மீறுவோருக்குத் தண்டனை வகுத்தது. ஊர்ப்புறங்களில் பட்டியல் சாதியினருக்கு முடி வெட்ட மறுக்கும் கொடுமை அதன் பின்னரும் பல இடங்களில் நீடித்ததை எண்ணும்போது, சலூனின் தரை எல்லார்க்கும் பொதுவாக இருப்பது போராடிப் பெற்ற உரிமை என்பது விளங்கும்.

தொடக்கக் காலக் கூரைக் கடைகளின் தரை, வீட்டுத் தரையைப் போலவே, மண்ணைத் திமிசுக்கட்டையால் இடித்துச் சாணம் மெழுகியதாகும். அது காலுக்கு இதமானது, செலவில்லாதது. ஆனால் சவர நீர் சிந்தினால் குழைந்துவிடும், வெட்டிய முடி மெழுகில் ஒட்டிக்கொள்ளும். நீற்றிய சுண்ணாம்பை மணலோடு அரைத்து, கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்துச் செய்யும் காரைத் தரை வலிமையுடையதாயினும், வசதி படைத்தோர் வீடுகளைத் தாண்டி வந்தது குறைவு. ஆந்திரத்திலிருந்து வந்த கடப்பாக்கல், அதாவது பலகைகளாகப் பிளக்கக்கூடிய கருநிறச் சுண்ணக்கல், தரையில் பாவப்பட்டதோடு கண்ணாடிக்குக் கீழே கருவிகளை வைக்கும் பலகையாகவும் பயன்பட்டது.

பெரிய மாற்றத்தைக் கொணர்ந்தது சிமெண்ட். சென்னையில் 1904இல் சிமெண்ட் தயாரிக்கும் முயற்சி தொடங்கியது. திருச்சிராப்பள்ளிப் பகுதியில் டால்மியாபுரம் ஆலை 1939இல் அமைந்தது. எனினும் அரசின் விலை, வழங்கல் கட்டுப்பாடு 1982இல் ஓரளவும் 1989இல் முழுமையாகவும் நீங்கும்வரை, சிறு கடைக்காரருக்குச் சிமெண்ட் எளிதில் கிட்டும் பொருளாக இல்லை. கிடைத்த சிமெண்டை அழகாக்கிய முறைகளுள் ஒன்று ரெட் ஆக்சைடு தரை: இரும்பு ஆக்சைடுப் பொடி கலந்த சிமெண்டுப் பூச்சைக் கரணையால் இடைவிடாது தேய்த்து வழவழப்பாக்குவது. புழங்கப் புழங்க மெருகேறும் இத்தரைக்குக் குறை ஒன்று உண்டு. அடித்தளம் இறங்கி வெடிப்பு விழுந்தால், பிற்பாடு பூசும் ஒட்டு பழைய நிறத்தோடு பொருந்துவதில்லை.

சலூனின் தேவைக்கு மிகவும் பொருந்தியது மொசைக் தரை. பளிங்குச் சில்லுகளைச் சிமெண்டோடு கலந்து இட்டு, இறுகும்வரை நீர் விட்டுப் பதப்படுத்தி, சாணைக்கல் பொருத்திய இயந்திரத்தால் முதலில் கரடாகவும் பின்னர் படிப்படியாக நயமாகவும் தேய்த்து, இடையில் தெரியும் நுண்துளைகளைச் சிமெண்டுக் குழம்பால் அடைத்து மீண்டும் மெருகிடுவதே அதன் முறை. அவ்விடத்திலேயே வார்க்கப்படுவதால் மெல்லிய பிரிப்புப் பட்டைகளைத் தவிர அதில் இணைப்புகள் இல்லை. வெட்டிய முடி தங்க இடமின்றித் துடைப்பத்தோடு வந்துவிடுகிறது. பல வண்ணச் சில்லுகள் கறையையும் தேய்மானத்தையும் கண்ணுக்குக் காட்டுவதில்லை. பழையதானால் மறுபடியும் தேய்த்துப் புதுப்பிக்கலாம்.

தொண்ணூறுகளுக்குப் பின் குஜராத்தின் மோர்பி போன்ற இடங்களிலிருந்து வந்த விட்ரிஃபைடு ஓடு மொசைக்கின் இடத்தைப் பிடித்தது. மிகு வெப்பத்தில் சுடப்பட்டுக் கண்ணாடித்தன்மை பெற்ற இவ்வோடு 0.5 விழுக்காட்டுக்கு மேல் நீரை உறிஞ்சுவதில்லை. ஆகவே முடிச்சாயம் அதில் ஊறுவதில்லை. ஆனால் ஓடுகளுக்கு இடையே நிரப்பப்படும் சாதாரணச் சிமெண்டுக் கலவை சாயத்தை உறிஞ்சிக் கறுத்துப்போகிறது. இதற்கு எப்பாக்ஸி என்னும் பிசின் கலவையை நிரப்புவதே சரியான தீர்வு. பளபளப்பான மேற்பரப்பில் வெட்டிய முடி விழுந்தாலும் நீர் சிந்தினாலும் கால் வழுக்குவதால், சொரசொரப்பான மேட் வகையே தகுந்தது. சுழல் நாற்காலியின் பாரம் ஓரிடத்திலேயே இறங்குவதால், ஓட்டுக்கு அடியில் வெற்றிடம் இருந்தால் அது விரிசல் விடும். நாள் முழுவதும் நிற்பவரின் கால்களுக்கு ஓட்டின் கடினத்தன்மை வலி தருவதால் ரப்பர் விரிப்பும் வேண்டியதாகிறது.

கல்வராயன் மலையில் இவ்வரலாறு இன்னும் பிந்தியது. மூன்று ஜாகீர்தாரர்களின் ஆளுகையில் இருந்த மலை 1976இல் அரசின் நேரடிப் பொறுப்புக்கு வந்தது. மலையாளிப் பழங்குடியினரின் மண்சுவர் வீடுகளில் சாணத் தரையே மரபாக இருந்தது. சிமெண்டும் ஓடும் மலைமேல் உள்ள வெள்ளிமலைக்குக் கச்சிராயபாளையம் வழியாக மலைச்சாலையில் ஏறிச்செல்ல வேண்டியிருப்பதால், சமவெளியைவிட அங்கு நல்ல தரைக்கு ஆகும் செலவு கூடுதலாகவே இருக்கும்.

இவை அனைத்தையும் ஒருசேர நோக்கினால், நீடித்த தரையைத் தீர்மானிப்பது பொருளின் உறுதி மட்டுமன்று, இடத்தின் மீதுள்ள உரிமையும் ஆகும் என்பது புலப்படும். சொந்தக் கட்டடத்தில் தொழில் நடத்துபவர் மொசைக்கையோ எப்பாக்ஸி நிரப்பிய ஓட்டையோ துணிந்து தேர்ந்தெடுக்கலாம். என்று காலி செய்யச் சொல்வார்களோ என்ற நிலையில் வாடகைக்கு இருப்பவர், நாற்காலியின் பாரத்தில் குழிந்து சாயக்கறை படியும் என்று அறிந்தும், சுருட்டி எடுத்துச் செல்லத்தக்க வினைல் விரிப்போடு நின்றுவிடுகிறார். மரத்தடியில் தொடங்கிய தொழிலுக்கு நெடுங்காலம் உழைக்கும் தரை அமைய வேண்டுமானால், நெடுங்காலம் நிலைக்கும் குத்தகை முதலில் அமைய வேண்டும். வணிக வளாகங்களைக் கட்டும் உள்ளாட்சி அமைப்புகள் கருத்தில் கொள்ள வேண்டிய முதற்செய்தி இதுவே.