பட்டியல்களுக்கு நடுவே வில்ஹெல்ம் ஃபிராங்கல்

முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகப் பறந்த யூத விமானிகளை ஆராய்வோர் ஃபெலிக்ஸ் தைல்ஹாபரைத் தாண்டிச் செல்ல இயலாது. 1919இலும், விரிவாக 1924இலும் அவர் வெளியிட்ட பெயர்த் தொகுப்பே இத்துறையின் அடித்தளம். யூதர் போர்முனைக்கு அஞ்சி ஒதுங்கினர் என்ற பழிக்கு அவர் முன்வைத்த மறுப்புகளில் ஒன்று வில்ஹெல்ம் ஃபிராங்கலின் வாழ்வு. பின்வந்தோர் பலரும் இதையே வழிமொழிந்தனர். ஃபிராங்கலை இவ்வாறு சான்றாக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஃபிராங்கலின் போர் வாழ்க்கையில் சிக்கல் குறைவு. 1893 டிசம்பர் 20இல் ஹாம்பர்கில் யூத வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். யோஹானிஸ்தாலில் மெல்லி பீசேயிடம் பயின்று 1913இல் விமானி உரிமம் பெற்றார். 1916 ஆகஸ்டில் பிரஷ்யாவின் உயரிய போர்வீர விருதான பூர் லெ மெரிட். 1917 ஜனவரியில் 4ஆம் போர்விமான அணியின் தலைமை. அவ்வாண்டு ஏப்ரல் 8இல் பிரிட்டிஷ் விமானங்களோடு பொருதுகையில் அவருடைய அல்பட்ராஸ் விமானத்தின் கீழ் இறக்கை முறிந்து, அவர் உயிரிழந்தார். அப்போது வயது 23. வீழ்த்திய விமானங்கள் 20 என்பது வழக்கமான கணக்கு.

சிக்கல் மதமாற்றத்தில்தான் உள்ளது. ஃபிராங்கல் கிறித்தவரானார், ஆஸ்திரியக் கடற்படை அதிகாரி ஒருவரின் மகளை மணந்தார். இது போர்க்காலத்தில் நடந்தது என்பதற்கு மேல் நாளை வரையறுக்க நான் துணியேன். 1916 நவம்பர் 1ஐக் கணக்கு நாளாகக் கொண்டு ராணுவம் தன் படையிலிருந்த யூதரை எண்ணிய கணக்கெடுப்புக்கு முன்பா, பின்பா என்பதும் திறந்தே இருக்கிறது.

தைல்ஹாபரைத் தைல்ஹாபரோடே ஒப்பிடுவது இங்கே உதவும். மருத்துவரான அவர் 1911இல் ஜெர்மானிய யூதரின் வீழ்ச்சி பற்றி ஒரு நூல் எழுதிப் பெரும் சர்ச்சையைக் கிளப்பினார். குறையும் பிறப்புவிகிதம், கலப்பு மணம், ஞானஸ்நானம் ஆகியவற்றால் இச்சமூகம் கரைகிறது என்பது அதன் வாதம். அந்தப் பேரேட்டின்படி ஃபிராங்கல் இரு வகையிலும் பற்று; போருக்குப் பிந்தைய தொகுப்பிலோ அவர் வரவு. சியோனியரான தைல்ஹாபருக்கு யூதர் என்போர் மதத்தாரல்லர், ஓர் இனத்தார். ஆகவே முரண் இல்லை எனலாம். அப்படியானால் ஞானஸ்நானம் பெற்றோரை 1911இல் இழப்பாகக் கருதியது ஏன்? இடையே நிகழ்ந்த கணக்கெடுப்பே அவர் அளவுகோலை மாற்றியது என்று கருதுகிறேன். அதன் முடிவுகளைப் போர் முடியும்வரை போர் அமைச்சகம் வெளியிடவில்லை. மறைக்கப்பட்ட எண்ணுக்குப் பெயர்களால் பதிலளிக்க முனைந்தவர், எண்ணியவர்களின் கேள்வியையே ஏற்றுக்கொண்டார். இதை நேரடியாக மெய்ப்பிக்கும் சான்று என்னிடம் இல்லை. இரு நூல்களின் இடைவெளியை வேறெதுவும் இவ்வளவு நன்றாக விளக்கவில்லை என்பதே என் வாதம்.

நாஜிகள் ஃபிராங்கலின் பெயரை வான்வீரர் பட்டியலிலிருந்து அகற்றியபோதும் பிறப்பே அளவுகோல். தைல்ஹாபரின் தொகுப்பு, இந்த நீக்கம் ஆகிய இரண்டின் நோக்கமும் நேரெதிர். அவற்றைச் சமன்படுத்துவது அநீதி. ஆனால் ஃபிராங்கல் தாமே எடுத்த முடிவுக்கு இரண்டிலும் இடமில்லை.

1973இல் பவேரியாவின் நொய்பூர்க் விமானப்படை முகாமுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டதை அநீதிக்குப் பரிகாரம் என்பர். அங்கேதான் நான் தயங்குகிறேன். முகாமில் இருந்த 74ஆம் படைப்பிரிவுக்கு அதே ஆண்டில், நவம்பர் 22இல், வெர்னர் மோல்டர்ஸின் பெயர் வழங்கப்பட்டது. ஹிட்லரின் விமானப்படையில் புகழ்பெற்றவர் மோல்டர்ஸ். உலகப் போருக்கு முன் ஸ்பானிய உள்நாட்டுப் போரில், ஹிட்லர் அனுப்பிய கொண்டோர் படையணியில் பறந்தவர். விலக்கப்பட்டவரின் பெயர் முகாமுக்கு. விலக்கிய அரசுக்காகப் போரிட்டவரின் பெயர் படைக்கு. இது திட்டமிட்ட சமரசமா, தற்செயலா என்பதைப் பெயர்களின் அண்மை மட்டும் தீர்மானித்துவிடாது. ஆனால் பரிகாரம் என்ற விளக்கம் நிற்க வேண்டுமானால் இரு பெயர்களும் ஒன்றோடொன்று மோதியிருக்க வேண்டும். 31 ஆண்டுகளுக்கும் மேலாக அவை அருகருகே நின்றன. கொண்டோர் படையணியினரைப் போற்றலாகாது என்ற 1998ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தீர்மானத்தை ஒட்டி, 2005இல்தான் மோல்டர்ஸின் பெயர் நீங்கியது. அதற்குக் காரணமானது ஸ்பெயின், ஃபிராங்கல் அல்லர்.