டிக்கோயாவின் ஈரமும் இறுவட்டு அலுமாரியும்

டிக்கோயாவில் என் வீட்டு அலுமாரியில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இறுவட்டுகள் இருக்கின்றன. பார்க்க வருபவர்கள், அவற்றை எந்த ஒழுங்கில் அடுக்கியிருக்கிறேன் என்றுதான் கேட்கின்றனர். தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும் ஜூன், ஜூலை மாதங்களில் அவற்றை என்ன செய்கிறேன் என்று எவரும் கேட்பதில்லை. இந்த மலையில் ஒழுங்கையும் ஈரத்தையும் பிரித்துப் பேச முடியாது. ஏன் என்று விளங்கவேண்டுமானால், பதிவு செய்யப்பட்ட இசை தோட்டங்களை வந்தடைந்த வரலாற்றைச் சற்றுப் பார்க்கவேண்டும்.

ஹட்டனுக்கு ரயில் 1884 இல் வந்தது. மின்சாரம் பெரும்பாலான லயங்களை எட்ட அதன்பின் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சென்றது. சாவி கொடுத்து இயக்கும் கிராமபோனுக்கு மின்சாரம் தேவையில்லை என்றாலும், அதன் விலை கொழுந்து பறிப்பவரின் கைக்கு எட்டியதல்ல. ஆகவே தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோர் பாட்டைப் பெட்டியிலிருந்து கேட்டது பற்றரியில் இயங்கும் டிரான்சிஸ்டர் வானொலி பரவிய பிறகுதான்.

இலங்கை வானொலியின் இசைத்தட்டுக் களஞ்சியம் தமிழகத்து நேயர்களையும் கட்டிப்போட்ட ஒன்று. எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீட் ஆகியோரின் குரல்கள் வழியே படத்தின் பெயர், பாடியவர், இசையமைப்பாளர் என்ற விவரங்கள் எங்கள் காதில் ஏறின. பின்னாளில் கசெற்றுகளும் இறுவட்டுகளும் வீட்டுக்கு வந்தபோது நாங்கள் அவற்றை அடுக்கியதும் அந்த அறிவிப்பின் ஒழுங்கிலேயே. நூலகவியல் எதுவும் படிக்காமலே எங்கள் தலைமுறைக்கு வானொலி கற்றுத்தந்த பட்டியல் முறை அது. திரைப்பாடல்களுக்கு அது மிகவும் பொருந்தும், குறைசொல்ல ஒன்றுமில்லை.

சிக்கல் மலையகத்தின் சொந்தப் பாடல்களில் தொடங்குகிறது. அவற்றுக்குப் படமும் இல்லை, இசையமைப்பாளரும் இல்லை. எல்லாச் சேகரிப்பாளர் வீட்டிலும் அவை 'இதர' என்று எழுதிய பெட்டியின் அடியில் போய்ச் சேர்கின்றன. மாசி மாதத்துக் காமன் கூத்து, பொன்னர் சங்கர் கதை, கும்மி, தாலாட்டு, இழவு வீட்டு ஒப்பாரி எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெட்டி!

இவற்றின் அருமையை முன்பே உணர்ந்தவர்கள் இருந்தார்கள். ஹட்டனை மையமாகக்கொண்டு தோட்டத் தொழிலாளரை அமைப்பாக்கிய கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள், தொழிலாளர் கூட்டங்களில் பாடிய பாடல்களை 1940 இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பெயரில் அச்சிட்டு வெளியிட்டார். மடக்கும்புரையிற் பிறந்து, 1947 இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டங்களில் வழங்கிய பாடல்களைத் திரட்டி 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என நூலாக்கினார். இவை பெரும்பணிகள். எனினும் தாளிற் பதிவது சொல் மட்டுமே. மீனாட்சி அம்மாளின் குரல் பதிந்த இசைத்தட்டு எதையும் நான் கண்டதில்லை.

குரலைப் பிடித்துவைக்கும் வாய்ப்பைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தது கசெற். பிலிப்ஸ் நிறுவனம் 1963 இல் அதை அறிமுகப்படுத்தியது. எங்கள் பக்கத்தில் அது பரவலானது, மத்திய கிழக்குக்கு வேலைக்குச் சென்றவர்கள் பதிவுக் கருவியுடன் திரும்பிய காலத்தில். கூத்தையும் திருவிழாவையும் பாட்டியின் பாட்டையும் வீட்டாரே பதிந்தார்கள். 2000 ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாடாக்கள் தேயத் தொடங்கியதும், அவற்றைப் பட்டணத்துக் கடைகளிற் கொடுத்து இறுவட்டாக மாற்றி, மூலக் கசெற்றை எறிந்துவிட்டார்கள்.

அங்கேதான் ஆபத்து இருக்கிறது. 1982 இல் சந்தைக்கு வந்த இறுவட்டு, ஆலையில் அச்சில் வார்க்கப்படுவது. அதன் பள்ளங்கள் பொலிகாபனேற்றுப் பிளாஸ்டிக்கிலேயே பதிந்திருக்கும். ஜப்பானின் தையோ யூடென் நிறுவனம் 1988 இல் உருவாக்கிய, வீட்டிலே பதியத்தக்க இறுவட்டு வேறு வகை. அதில் ஒலியைத் தாங்குவது சாயப்படலம் ஒன்று. லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டுக் குறியிடுகிறது. வெளிச்சமும் வெப்பமும் ஈரமும் அந்தச் சாயத்தை நாளடைவிற் கெடுக்கின்றன. கடையில் வாங்கிய திரைப்பட இறுவட்டு உலகெங்கும் ஆயிரக்கணக்கில் உண்டு. கெட்டால் இன்னொன்று கிடைக்கும். லயத்திற் பதிந்த ஒப்பாரிக்கு அந்த ஒரு வட்டைத் தவிர வேறு பிரதி கிடையாது. அதுவோ இருப்பதில் மெலிந்த வகை. நம் அலுமாரிகளில் முன்னது கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மினுங்குகிறது. பின்னது கடதாசி உறையில் தரையோடு கிடக்கிறது.

ஆலையில் வார்த்ததும் அழியாதது என்று எண்ணவேண்டாம். மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டிலிருந்து வந்த இறுவட்டு ஒன்றின் பிளாஸ்டிக்கையும் அலுமினியத்தையும் பூஞ்சணம் தின்றிருந்ததை ஸ்பானிய ஆய்வாளர்கள் கண்டு 2001 இல் எழுதினார்கள். பெலீஸ் ஈரமும் வெப்பமும் நிறைந்த நாடு. டிக்கோயாவில் வெப்பம் குறைவு, ஈரத்துக்குக் குறைவில்லை. அமெரிக்கத் தர நிறுவனம் 2003 இல் வெளியிட்ட வழிகாட்டி, 4 முதல் 20 பாகை செல்சியசும் 20 முதல் 50 வீத ஈரப்பதனும் வேண்டும் என்கிறது. வெப்பநிலையில் எங்கள் மலை ஏறக்குறையத் தேறிவிடும். ஈரப்பதனோ மழைக்காலத்தில் 80 வீதத்தைச் சர்வசாதாரணமாகத் தாண்டும்.

சென்னையில் வி. ஏ. கே. ரங்காராவ் தனிமனிதராக நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இசைத்தட்டுகளைச் சேர்த்தவர். அந்தப் பழைய தட்டு கெடும்போது கரகரத்து எச்சரிக்கும். இறுவட்டு எச்சரிப்பதில்லை. அதிலுள்ள பிழைதிருத்தும் கணித ஏற்பாடு சிதைவை மறைத்துக்கொண்டே வரும். எல்லை மீறியதும் ஒருநாள் திடீரென ஓடாது நின்றுவிடும். ஆகவே வீட்டிற் பதிந்தவற்றை ஆண்டுக்கொரு முறை ஓடவிட்டுப் பார்ப்பதும், கணினியிற் பிரதியெடுத்து இரண்டு வேறு இடங்களில் வைப்பதும் கட்டாயம்.

என் நடைமுறை எளியது. வீட்டிற் பதிந்தவை காற்றுப்புகாப் பிளாஸ்டிக் பெட்டிகளில், சிலிக்கா மணிகளோடு, நிமிர்த்தி நிற்கின்றன. நீல மணி இளஞ்சிவப்பானதும் சூடாக்கி மீண்டும் இடுகிறேன். மழை அடிக்கும் சுவரையொட்டி எந்தப் பெட்டியும் இல்லை. பூஞ்சணத்தை முதலில் அழைத்துவருவது தாள் என்பதால் அட்டைகளும் விவரத் தாள்களும் தனியே உள்ளன. துணி அலுமாரியில் பூஞ்சணம் பிடிக்காமலிருக்க மின்குமிழ் எரியவிடும் வழக்கத்தை இங்கே பின்பற்றக்கூடாது. சாயத்துக்கு அது இரட்டைப் பகை. இன்னொன்று: எல்லோரும் மினுங்கும் பக்கத்தைக் காக்கிறார்கள். மெல்லிய பூச்சுக்கு அடியிலே ஒலிப்படலம் இருப்பது பெயர் எழுதும் பக்கத்தில்தான். குமிழ்முனைப் பேனாவால் அங்கே அழுத்தி எழுதுவது பாட்டைக் கீறுவதற்குச் சமம்.

அடுக்கும் ஒழுங்கில் 'இதர' என்ற சொல்லையே நீக்கிவிட்டேன். ஒவ்வொரு வட்டுக்கும் வந்த வரிசைப்படி ஓர் எண். பட்டியற் புத்தகத்தில் அந்த எண்ணுக்கு எதிரே தோட்டம், டிவிசன், ஆண்டு, நிகழ்ச்சி, பாடியவர், தப்பு அடித்தவர். பெயர் தெரியாதவிடத்து 'இன்னாரின் தாயார்' என்றாவது எழுதுகிறேன்.

பாடியவர் எங்கே சென்றார் என்பதற்கும் ஒரு பத்தி உண்டு. 1964 இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கியது. பாடத் தெரிந்தவர்கள் பலர் அந்தக் கணக்கிலே கப்பலேறினார்கள். எனவே ஒரு கூத்தின் முற்பாதி டிக்கோயாவிலும் பிற்பாதி கூடலூரிலோ கோத்தகிரியிலோ இருக்கக்கூடும். 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம நூலகத்தின் ஆவணகத்தில் ஒலிப்பதிவுகளுக்கும் இடமிருக்கிறது. நீலகிரியிலோ இலண்டனிலோ ரொறன்ரோவிலோ வீட்டுப் பரணில் பழைய கசெற் வைத்திருப்பவர்கள், அதை ஒலிக்கோப்பாக மாற்றியபின் நாடாவை எறியாமல், உறையின்மேல் தோட்டத்தின் பெயரை மட்டுமாவது எழுதிவையுங்கள். மற்றதை என் போன்றவர்கள் தேடிக்கொள்வோம்.