பொற்றாமரைப் பாதங்கள்

அழகை விரும்புதல் மனித இயல்பு. ஆயின், அவ்விருப்பம் அறிவின் எல்லையைக் கடக்குமிடத்து உடலையே ஊனமாக்கிவிடும். சீன தேசத்துப் பெண்கள் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் பட்ட துன்பமே இதற்குச் சான்றாகும்.

கி. பி. பத்தாம் நூற்றாண்டிலே தென் தாங் நாட்டை ஆண்ட லி யூ மன்னனின் அவையில், யாவோ நியாங் என்னும் ஆடல் மகள் பாதங்களைத் துணியாற் சுற்றிப் பொற்றாமரை மீது ஆடினாள் என்பது கர்ணபரம்பரை. அரண்மனையிலே தோன்றியதாகச் சொல்லப்படும் இவ்வழக்கம் செல்வர் மனைகளுக்கும், பின்னர்க் குடியானவர் குடிசைகளுக்கும் பரவிற்று.

ஐந்து முதல் எட்டு வயதுக்குட்பட்ட சிறுமியின் பெருவிரல் நீங்கலான நான்கு விரல்களையும் உள்ளங்காலின் கீழ் மடக்கி, நீண்ட துணியால் இறுகக் கட்டுவர். நாளடைவில் எலும்புகள் முறிந்து பாதம் வில்போல் வளையும். புண்ணாகிச் சீழ் பிடித்தலும், விரல்கள் அழுகி வீழ்தலும் உண்டு. மூன்று சீன அங்குலம், அஃதாவது ஏறக்குறைய 10 சென்ரிமீற்றர் நீளமுள்ள பாதமே பொற்றாமரை எனப் போற்றப்பட்டது.

இவ்வாறு கட்டியவள் பகைவியல்லள், பெற்ற தாயே! பாதம் பெரிதாயின் மகளுக்கு நல்ல வரன் வாய்க்காது என்னும் அச்சமே அவள் நெஞ்சைக் கல்லாக்கியது. எனினும், வயலில் உழைத்த ஹக்கா இனப் பெண்கள் பாதங்களைக் கட்டினாரல்லர்.

காங்சிப் பேரரசர் காலத்து அரச தடை 1668-ல் கைவிடப்பட்டது. சட்டத்தால் ஆகாததைச் சங்கங்கள் தொடங்கின. 1895-ல் திருமதி ஆர்ச்சிபோல்ட் லிட்டில் ஷங்காயிலே இயற்கைப் பாதச் சங்கத்தை நிறுவினார். 1898-ல் காங் யூவெய் என்னும் அறிஞர் இதனை ஒழிக்குமாறு பேரரசருக்கு விண்ணப்பித்தார். 1902-ல் சிக்சி பேரரசி இதனைக் கண்டித்து ஆணை பிறப்பித்தார். 1912-ல் குடியரசு தடை செய்தது. இவை யாவற்றினும் வலியது, சங்கத்தார் செய்த சபதம்: “எம் மகளிரின் பாதங்களைக் கட்டோம், கட்டிய பாதமுடையாளை எம் மைந்தருக்குக் கொள்ளோம்.” மணச்சந்தையில் மதிப்பிழந்ததும் அவ்வழக்கம் வேரற்றது. டிங் மாவட்டத்தில் 1890-க்கு முன் பிறந்த பெண்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் பாதம் கட்டியிருந்தனர்; 1919-க்குப் பின் பிறந்தோருள் ஒருவரேனும் இலர்.

ஆயிரம் ஆண்டு வழக்கம் ஒரு தலைமுறையில் அழிந்தது. இளைஞர்காள்! பழமை என்பதனாலே ஒன்று அறமாகிவிடாது. பெண்ணை வருத்தும் வழக்கம் எதுவாயினும், மணம் கொள்ளும் ஆண்மக்கள் மறுத்துரைக்கும் நாளே அதன் இறுதி நாளாகும்.