போலெக்ஸ் எச்16

போலெக்ஸ் எச்16 என்பது, சுவிட்சர்லாந்தின் பையார் நிறுவனம் 1935இல் வெளியிட்ட, மின்சாரமின்றிச் சுருள்வில்லின் விசையால் இயங்கும் 16 மி.மீ. திரைப்படக் கேமரா ஆகும். போலெக்ஸ் கேமராக்களை உருவாக்கிய ழாக் போகோபோல்ஸ்கியின் தொழிலை 1930இல் வாங்கிய பையார், அதற்கு முன்பே சான்ட் குரோவா என்னும் மலையூரில் இசைப்பெட்டிகளும் கிராமபோன்களும் செய்துவந்ததால், சுருள்வில் பொறிகளில் நீண்ட தேர்ச்சி பெற்றிருந்தது.

பக்கவாட்டில் உள்ள கைப்பிடியைச் சுழற்றிச் சாவி கொடுக்கும்போது, உள்ளிருக்கும் எஃகு நாடா இறுகி விசையைச் சேமிக்கிறது. வில் தளரத் தளர அதன் இழுவிசை குறைவதால், படத்தின் வேகமும் குறையாதிருக்க வேகக்கட்டுப்படுத்தி ஒன்று தேவைப்படுகிறது: சுழலும்போது வெளிநோக்கி விரியும் சிறு எடைகள் உராய்வை உண்டாக்கி, மிகுவிசையை ஈர்த்துக்கொண்டு வேகத்தைச் சீராக வைக்கின்றன. இவ்விசையால் இயங்கும் கொக்கி, படச்சுருளின் ஓரத்துளையில் நுழைந்து ஒவ்வொரு சட்டமாகக் கீழே இழுக்க, அந்நேரத்தில் ஷட்டர் எனப்படும் சுழல்தட்டு ஒளியை மறைக்கிறது. சட்டம் அசையாது நிற்கும்போது மட்டுமே ஒளி அதன்மீது விழுகிறது.

மூன்று லென்ஸ்களைத் தாங்கும் சுழல்முகப்பு, படச்சுருளைத் தானே வழிநடத்திப் பொருத்தும் அமைப்பு, ஒவ்வொரு சட்டமாகப் படமெடுக்கும் வசதி ஆகியவை இதன் சிறப்புக் கூறுகளாகும். படச்சுருளைப் பின்னோக்கிச் சுற்றி அதன்மீதே மீண்டும் படம்பிடிக்க முடிந்ததால், ஒரு காட்சி மற்றொன்றில் கரைந்து மறைவதைப் படச்சுருள் ஆய்வகத்தின் துணையின்றிக் கேமராவுக்குள்ளேயே உருவாக்க இயன்றது. 1956இல் வந்த ரிஃப்ளெக்ஸ் வடிவத்தில், லென்ஸின் ஒளியில் ஒரு பகுதியை முப்பட்டகம் ஒன்று காட்சிக்குழாய்க்குத் திருப்பியதால், பதிவாகும் காட்சியைக் கண்ணால் நேரடியாகக் காண முடிந்தது.

30 மீட்டர் சுருள் நொடிக்கு 24 சட்டங்கள் வீதம் சுமார் 2 நிமிடம் 45 நொடி ஓடினாலும், ஒருமுறை கொடுத்த சாவி அரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும் என்பதால், நீண்ட காட்சிகளை இதில் எடுக்க இயலாது. ஓடும் ஒலியும் துல்லியமற்ற வேகமும் உரையாடலை ஒலியோடு இணைத்துப் பதிவதற்கும் தடையாயின. எனினும் மின்கலம் தேவைப்படாத எளிமையும் பின்சுற்றும் வசதியும், மாயா டெரன், ஜோனாஸ் மேக்கஸ் போன்ற தனித்துச் செயற்பட்ட படைப்பாளிகளின் கருவியாக இதை ஆக்கின. குறுங்காட்சிகளை அடுக்கிக் கதை சொல்லும் அவர்களது முறைக்கு அந்த அரை நிமிட வரம்பு இடையூறாக அமையவில்லை.