நாலு தையலுக்குப் பின்னால் உள்ள வரலாறு



எமது வகுப்புப் பிள்ளை ஒருவரின் வாப்பா மோட்டார் சைக்கிளில் விழுந்தார். நெற்றியில் நாலு தையல். இரண்டு நாளாக மூக்கால் தெளிந்த தண்ணீர் வடிய, தடிமன் என்று நினைத்துக் கொத்தமல்லி குடித்துக்கொண்டிருந்தார். வடிந்தது சளி அல்ல, மூளையைச் சுற்றியுள்ள நீர். சத்திரசிகிச்சைக்குப் பின் இப்போது நலமாக இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ்.

புருவங்களுக்கு மேலே நெற்றி எலும்புக்குள் ஒரு காற்றறை உண்டு. பீனிசம் வந்தால் கனக்கும் இடம் அதுதான். முன்சுவர் தடிப்பு, பின்சுவர் மெல்லியது. பின்சுவருக்கு அப்பால் மூளை. அறையின் சளி மூக்குக்கு வடிய ஒரு சிறு வழியும் இருக்கிறது. முக எலும்புகளில் நெற்றி எலும்பே வலியது. அது உடைந்தால் அடி பலமானது என்று அர்த்தம்.

மண்டையோட்டு முறிவுகளைப் பற்றி குர்துபாவின் அல்-ஸஹ்ராவி (மரணம் 1013), 30 பாகங்கள் கொண்ட 'அத்தஸ்ரீஃப்' நூலின் கடைசிப் பாகத்தில் எழுதினார். 12ஆம் நூற்றாண்டில் அது லத்தீனில் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பிய வைத்தியர்களின் பாடநூலானது. ஆனால் நெற்றிக் காற்றறையில் பெரிய சத்திரசிகிச்சைகள், மயக்க மருந்தும் கிருமி நீக்கமும் வந்த பிறகே பரவின.

முதலில் கற்றது சீழ் கட்டிய நோயாளிகளிடம். 1898இல் ஜேர்மனியின் ரீடல், அறையின் முன்சுவரையும் அடித்தளத்தையும் அகற்றினார். சீழ் போனது, ஆனால் நெற்றியில் பெரிய பள்ளம் விழுந்தது. அதைக் குறைக்க, கண்ணுக்கு மேலுள்ள எலும்பு விளிம்பை மட்டும் விட்டுவைத்தார் கில்லியன். 1950களின் இறுதியில் அமெரிக்காவின் குடேலும் மொண்ட்கொமரியும் முன்சுவரை மூடிபோலத் திறந்து, வேலை முடிந்ததும் திரும்ப மூடினார்கள். உள்ளே உடலின் கொழுப்பை வைத்து அறையை அடைக்கும் முறையும் அக்காலத்தில் பரவியது. 1978இல் டொனால்டும் பேர்ன்ஸ்டைனும், பின்சுவர் நொறுங்கியவர்களுக்கு வேறு வழி காட்டினார்கள்: அந்தச் சுவரை எடுத்து, உட்தோலை முழுதாகச் சுரண்டி, மூக்குக்கான வழியை அடைத்துவிடுவது. மூளை மெல்ல முன்னே வந்து அந்த இடத்தை நிரப்பும்.

இன்று சீ.ரீ. ஸ்கேன் எல்லாவற்றையும் காட்டுகிறது. விலகாத முறிவைக் கண்காணித்தாலே பெரும்பாலும் போதும். உள்ளே அமுங்கிய முன்சுவரைத் தூக்கி டைட்டேனியம் தகட்டால் பொருத்துவார்கள்.

இந்த வரலாறு சொல்லும் பாடம் ஒன்றுதான். ஆபத்து தோலில் தெரியும் வெட்டில் இல்லை. பின்சுவரிலும் அந்தச் சிறு வழியிலும் இருக்கிறது. வழி அடைபட்டுச் சளி தேங்கினால், பல வருடங்கள் கழித்தும் கிருமி மூளைக்குப் போகலாம்.

எனவே நெற்றியில் அடிபட்டவருக்கு மூக்கால் தெளிந்த நீர் வடிந்தால், மூக்கைச் சீறவேண்டாம். உடனே வைத்தியசாலைக்குப் போய் அதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பிறக்கும்போது பிள்ளைகளுக்கு இந்த அறையே இல்லை. பதின்ம வயது வரை அது வளர்கிறது. சிறு பிள்ளையின் நெற்றியில் விழும் அடி நேரே மண்டையோட்டுக்குப் போகிறது. ஆனால் காலையில் பாடசாலை வாசலில் நாம் காண்பது, ஹெல்மெட் போட்ட வாப்பாவும் வெறுந்தலையோடு முன்னால் உட்கார்ந்த பிள்ளையும்தான்.

ஸுஜூதில் வைக்கும் நெற்றி அது. நாளைக் காலை பிள்ளைக்கும் ஒரு ஹெல்மெட் போட்டுக் கூட்டி வாருங்கள்.